குட்டி யானையா, ஐச்சரா? வீடு மாற்றும் முன் சாமானை அளந்து வண்டி பிடிக்கும் முறை

தர்மபுரி குமாரசாமிப்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு நாங்கள் வீடு மாற்றியபோது வண்டிக்காரரிடம் போனில் நான் சொன்னது ஒரே வரிதான்: "ரெண்டு பெட்ரூம் வீடுண்ணா, சாமான் கம்மிதான்." அவரும் நம்பிக் குட்டி யானையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே வந்து இரண்டு பீரோவையும் பார்த்தார். வாசலில் இருந்த நீல டிரம்களைப் பார்த்தார். அண்ணாந்து பரணைப் பார்த்தார். "சார், இது ஒரு நடையில ஆவாது" என்றார்.

ஆகவில்லை. இரண்டு நடை அடித்தோம். இரண்டாவது நடை பழையபேட்டைக்கு வந்து சேரும்போது ராத்திரி பத்தரை. இறக்க வந்த ஆட்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அந்த நேரத்தில் கேட்டதில் தப்பும் இல்லை. இரண்டு வாடகை, இரண்டு ஏற்றுக்கூலி, இரண்டு இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வண்டியின் வாடகையைத் தாண்டிவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு தடவை வீடு மாற்றியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் யாராவது வீடு மாற்றுகிறார்கள் என்றால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நானே அளந்து கொடுக்கிறேன். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கன அடி போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வண்டி பத்தாமல் போவது பெரும்பாலும் கன அடியால் அல்ல, வண்டியின் தரை இடம் தீர்ந்துபோவதால்தான். அதனால் இங்கே இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் வண்டிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் வீட்டுச் சாமான் ஏற்ற வரும் வண்டிகள் நாலைந்து வகைதான். பாடி கட்டியவரைப் பொறுத்து அரை அடி முன்னே பின்னே இருக்கும். உயரம் என்று நான் போட்டிருப்பது, பத்திரமாகக் கட்டி எடுத்துப்போகக்கூடிய உயரம்.

- குட்டி யானை (டாடா ஏஸ்): 7 அடி நீளம், 4¾ அடி அகலம், 5½ அடி உயரம். சுமார் 180 கன அடி. தரை 33 சதுர அடி. பாரம் முக்கால் டன்.
- தோஸ்த்: 8 அடி, 5¼ அடி, 6 அடி. சுமார் 250 கன அடி. தரை 42 சதுர அடி. ஒன்றேகால் டன்.
- பொலேரோ பிக்கப், நீள பாடி: 9 அடி, 5½ அடி, 6 அடி. சுமார் 295 கன அடி. தரை 49 சதுர அடி. மாடலைப் பொறுத்து 1.3 முதல் 1.7 டன்.
- டாடா 407: 10 அடி, 6 அடி, 6½ அடி. 390 கன அடி. தரை 60 சதுர அடி. இரண்டு, இரண்டரை டன்.
- 14 அடி ஐச்சர்: 14 அடி, 6 அடி, 6½ அடி. 546 கன அடி. தரை 84 சதுர அடி. மூன்றரை டன் அளவில்.
- 17 அடி: கிட்டத்தட்ட 770 கன அடி. மூன்று பெட்ரூம் நிறைந்த வீட்டுக்கு.

பாரத்தைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழியுங்கள். மீதிதான் ஏற்ற அனுமதி உள்ள பாரம். நிறுவனத்தின் மூலம் மாற்றுபவர்களுக்குச் சி.எஃப்.டி. என்று எழுதி வரும், அது கன அடிதான். கன மீட்டர் என்று போட்டிருந்தால் 35.3 ஆல் பெருக்கினால் கன அடி வரும்.

அளப்பது எப்படி

தச்சர் வைத்திருக்கும் 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, பிடிக்க ஒரு ஆள். இது போதும். வாசல் கதவில் ஆரம்பித்து வலது பக்கச் சுவரை ஒட்டியே எல்லா அறையையும் சுற்றி வாருங்கள். அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது. அடியில் அளந்தால் அப்படியே பெருக்கலாம். அங்குலத்தில் அளந்தால் மூன்றையும் பெருக்கி 1,728 ஆல் வகுக்க வேண்டும். கணக்கு பிடிக்காதவர்கள் அரை அடிக்கு முழுமையாக்கிக்கொள்ளலாம், எப்போதும் மேல் பக்கமாக. 2 அடி 8 அங்குலம் என்றால் 3 அடி என்று எழுதுங்கள். அந்த நாலு அங்குலம் சாமானுக்கு இடையில் வைக்கும் போர்வைக்குப் போய்விடும்.

டேப் இல்லையா? ஹாலில் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டிருந்தால் அதுவே டேப். சோபா மூன்று டைல்ஸ் நீளம், ஒன்றரை டைல்ஸ் அகலம் என்று எண்ணிவிடலாம். 14 அடி வண்டி என்பது ஏழு டைல்ஸுக்கு மூன்று டைல்ஸ். அட்டைப்பெட்டிக்கு முழக்கணக்கு போதும். முழம் என்பது 18 அங்குலம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு முழம் உள்ள பெட்டி கிட்டத்தட்ட 3.4 கன அடி.

ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒன்று, கன அடி. இரண்டு, தரையில் பிடிக்கும் இடம், அதாவது நீளம் பெருக்கல் அகலம். மூன்றாவதாக ஒரு குறி: இதன் மேல் வேறு சாமான் வைக்கலாமா, கூடாதா. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிரிட்ஜ் மேல் எதுவும் வைக்க முடியாது, ஆகவே அது நிற்கும் 4 சதுர அடிக்கு மேலே உள்ள காற்றுக்கும் சேர்த்துத்தான் நாம் வாடகை கொடுக்கிறோம். டிரம் மேல் நாற்காலியைக் கவிழ்க்கலாம், மெத்தை போடலாம்.

பீரோவுக்கு ஒரு தனிப் பத்தி

இரட்டைக் கதவு இரும்பு பீரோ 6½ அடி உயரம், 3 அடி அகலம், 1½ அடி ஆழம் இருக்கும். 29 கன அடி. நிற்க வைத்தால் தரையில் பிடிக்கும் இடம் 4½ சதுர அடிதான். படுக்க வைத்தால் 6½ பெருக்கல் 3, அதாவது 19½ சதுர அடி. கன அடி மாறவே இல்லை, தரை நாலு மடங்குக்கு மேல் போய்விட்டது.

எங்கள் குட்டி யானை மாட்டிக்கொண்டது இங்கேதான். வண்டியின் பக்கத் தடுப்பு ஒரு அடி உயரம்தான். ஆறரை அடி பீரோவை நிற்க வைத்தால் திருப்பத்தில் சாயும், தெருவில் தாழ்வாகப் போகும் ஒயரிலும் இடிக்கும். டிரைவர் படுக்கத்தான் வைப்பேன் என்றார். 33 சதுர அடித் தரையில் ஒரு பீரோ 19½ எடுத்துக்கொண்டது. இரண்டாவதை அதன் மேல் போர்வை விரித்து ஏற்றினோம். மிச்சமிருந்த இரண்டு கீற்று இடத்தில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் நின்றன. அவ்வளவுதான், வண்டி முடிந்தது. பீரோ மேல் மூட்டைகளைப் போட்டோம். சோபா வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பீரோ இருக்கும் வீட்டுக்குப் பக்கவாட்டில் உயரமான கிராதி கட்டிய வண்டியாகவோ மூடிய கன்டெய்னராகவோ கேளுங்கள். இரண்டு பீரோவை முதுகோடு முதுகு ஒட்டி, டிரைவர் கேபின் பக்கம் நிற்க வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டால் அசையாது. உள்ளே இருக்கும் பட்டுப் புடவையை எடுக்காமல் அப்படியே தூக்கச் சொல்லும் வழக்கம் வேண்டாம். காலி பீரோவே 70, 80 கிலோ வரும். துணியோடு தூக்கினால் கதவு கோணிக்கொள்ளும், அப்புறம் சாவி திரும்பாது.

கழற்றினால் எவ்வளவு மிச்சமாகும்

மரக்கட்டில் கழற்றாமல் 6½ அடிக்கு 5 அடி, தலைப்பக்கம் 3½ அடி உயரம். பெருக்கினால் கிட்டத்தட்ட 114 கன அடி வருகிறது, வெறும் காற்று. தலைப்பலகை, கால்பலகை, இரண்டு பக்கச் சட்டம், நடுப் பலகைகள் என்று பிரித்துவிட்டால் எல்லாம் சேர்த்து 12 கன அடிதான். பக்கச் சுவரை ஒட்டி நிமிர்த்தி வைக்கலாம், அதன் பக்கத்திலேயே மெத்தையை நிறுத்தலாம். திருகுகளை ஒரு கவரில் போட்டுத் தலைப்பலகையிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். தனியாக வைத்தால் புது வீட்டில் முதல் ராத்திரி தரையில்தான் படுக்கை.

டைனிங் டேபிளும் அப்படியே: காலைக் கழற்றினால் 25 கன அடி 5 ஆகிவிடும். சோபாவைக் கழற்ற முடியாது, ஆனால் மூன்று பேர் உட்காரும் சோபாவைக் கைப்பிடி கீழே வரும்படி நெட்டுக்குத்தாக நிறுத்தலாம். தரையில் 16½ சதுர அடி பிடித்தது 7½ ஆகிவிடும். ஒற்றை சோபா இரண்டு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து முகத்துக்கு முகம் வையுங்கள். பற்றவைத்த இரும்புக் கட்டில் கழறாது. அதைக் கடைசியில் பெட்டிகளுக்கு மேலே ஏற்றினால் தரையே வேண்டாம்.

டிரம், கிரேட், பரண்

வெளியூர் வழிகாட்டிகளில் வராத சாமான் நம் ஊரில் டிரம். தண்ணீருக்குத் திண்டாடிப் பழகிய மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் குடிநீர் குழாயில் வந்த பிறகும் நாள் விட்டு வரும் தண்ணீரைப் பிடித்துவைக்க வீட்டுக்கு இரண்டு மூன்று 200 லிட்டர் டிரம் இருக்கத்தான் செய்கிறது. வண்டியில் ஒரு டிரம் 2 அடிக்கு 2 அடி, 3 அடி உயரம், 12 கன அடி பிடிக்கும். உள்ளே கொள்வதோ 7 கன அடி. காலியாக ஏற்றாதீர்கள். முந்தைய நாள் காலையிலேயே கவிழ்த்துக் காய வைத்துவிட்டு, தலையணை, போர்வை, குழந்தைத் துணி என்று எடை இல்லாதவற்றை அடைத்துவிடுங்கள். இரண்டு டிரம்மில் நாலு அட்டைப்பெட்டிச் சாமான் போய்விடும்.

புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் அட்டைப்பெட்டியை நான் நம்புவதில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட்டை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த விவசாயி ஒருவராவது இல்லாத குடும்பம் இங்கே அபூர்வம். ஒரு கிரேட் சுமார் 2 கன அடி. ஒன்றின் மேல் ஒன்று பூட்டி நிற்கும், அடியில் இருப்பது நசுங்காது. அட்டைப்பெட்டியை மூன்றுக்கு மேல் அடுக்கினால் கீழ்ப்பெட்டி தொப்பை போடும், கிரேட்டை ஐந்து வரை அடுக்கலாம். அதாவது, அதே தரையில் கூடுதல் சாமான். ஒரே ஒரு சிரமம், தக்காளி வாசனை போகக் கழுவி வெயிலில் போட வேண்டும்.

அப்புறம் பரண். ஏணி போட்டு ஏறி, கண்ணால் பார்த்து எழுதுங்கள். கீழே நின்று நினைவில் இருந்து எழுதாதீர்கள். எங்கள் பரணில் நாலு சூட்கேஸ், கொலுப் படிக்கட்டுப் பலகை, பித்தளை அண்டா இரண்டு, ஓடாத ஏர்கூலர், என் கல்லூரி நோட்டுகள், எதற்கென்றே தெரியாத பி.வி.சி. பைப் என்று 40 கன அடி இருந்தது. குட்டி யானையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! மொட்டை மாடி, படிக்கட்டுக்கு அடியில் உள்ள சந்து, பாத்ரூம் மேல் சிலாப்பு, இந்த மூன்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

நாலு பேர் கொண்ட, இரண்டு பெட்ரூம் வீடு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். எல்லாம் கன அடியில்.

பீரோ இரண்டு 58. பிரிட்ஜ் 20. வாஷிங் மெஷின் 12. கழற்றிய மரக்கட்டில் 12, இரும்புக் கட்டில் 27. பெரிய மெத்தை 16, சின்னது 6. சோபா ஒரு பெரியதும் இரண்டு ஒற்றையும் 87. கால் கழற்றிய டேபிள் 5, அதன் நாற்காலி நாலு 27. டிரம் இரண்டு 24. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி ஆறு 16. டிவி 4, டிவி ஸ்டாண்ட் 9. கிரைண்டர், மிக்சி, அடுப்பு, சிலிண்டர் இரண்டு, எல்லாம் சேர்த்து 10. முழப் பெட்டி 26, அதற்கு 88. பரண் 40.

கூட்டினால் 461. டிரம்முக்குள் போகும் நாலு பெட்டிக்கு 14 கழித்தால் 447. சாமான்கள் செங்கல் போல ஒன்றோடு ஒன்று ஒட்டாது, சந்து விழும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் சேர்க்க வேண்டும். 536 கன அடி வருகிறது. நன்றாக அடுக்கத் தெரிந்த ஆள் வந்தால் 15 சதவீதம் போதும், அண்ணன் தம்பியே ஏற்றினால் 25 போடுங்கள்.

மேலே உள்ள பட்டியலில் பார்த்தால் 14 அடி ஐச்சர் 546. சரியாக உட்காருகிறது. 407-இல் 390தான், ஆகாது.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

தரைக் கணக்கு

அதே சாமானைத் தரையில் பரப்பிப் பார்ப்போம். நிற்கும் பீரோ இரண்டும் 9 சதுர அடி. பிரிட்ஜ் 4, வாஷிங் மெஷின் 4, டிரம் 8. சோபாக்கள் வீட்டில் இருப்பது போலவே போட்டால் 31½. கழற்றிய கட்டில், மெத்தைகள் பக்கவாட்டில் நின்றால் 9. இரும்புக் கட்டில் 18. டைனிங் நாற்காலி 9, பிளாஸ்டிக் நாற்காலி 4, டிவி ஸ்டாண்ட் 6. பெட்டி 22, மூன்று மூன்றாக அடுக்கினால் எட்டு அடுக்கு, 18. சமையலறை இரும்புச் சாமான் 4. பரண் சாமான் 12. மொத்தம் 136½ சதுர அடி. வண்டியின் தரை 84.

கன அடிப்படி கொள்ளும் என்ற வண்டியில், தரைப்படி பாதிக்கு மேல் அதிகம்! ஏற்றும்போது யோசிக்காமல், கையில் வந்ததை வந்த வரிசையில் வைத்தால் நடப்பது இதுதான். டிரைவர் மேல் பழி போடுவோம்.

இப்போது ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து தூக்குங்கள். பெரிய சோபாவை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் 9 மிச்சம். ஒற்றை சோபாவை மற்றதன் மேல் கவிழ்த்தால் 7½. இரும்புக் கட்டிலைப் பெட்டிகள் மேல் ஏற்றினால் 18. டைனிங் நாற்காலிகள் கடைசியில் மேலே கவிழ்ந்து போகட்டும், 9. பிளாஸ்டிக் நாற்காலி டிரம் மேல், 4. டிவி ஸ்டாண்டும் பரண் சாமானும் அடுக்குகளின் மேல், 18. ஆகமொத்தம் 65½ குறைந்து 71 ஆகிறது. 84-க்குள் வந்துவிட்டோம், கையில் 13 சதுர அடி மிச்சம். இந்த மிச்சம் இல்லாமல் வண்டி பேசாதீர்கள். கடைசி நேரத்தில் துளசி மாடம், சைக்கிள், செடித் தொட்டி என்று கட்டாயம் ஏதாவது வரும்.

இதைப் பேப்பரில் செய்யப் பிடிக்கவில்லை என்றால் ஒரு சுலபமான வழி உண்டு. மொட்டை மாடியில் கோலமாவால் 14-க்கு 6 அடி கட்டம் ஒன்று போடுங்கள். பழைய காலண்டர் தாளைச் சாமான் அளவுக்கு வெட்டி, மேலே பேர் எழுதி, உள்ளே பரப்புங்கள். காற்றுக்குப் பறக்காமல் கல் வைக்க வேண்டும். என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜ அங்க வெச்சா கதவு பக்கம் கயிறு எப்பிடிடா கட்டுவ?" என்று கேட்டார். நானும் டிரைவரும் யோசிக்காத விஷயம். காலண்டர் பிரிட்ஜை உடனே இடம் மாற்றினேன்.

எடையையும் ஒரு தடவை

வீட்டுச் சாமான் சராசரியாகக் கன அடிக்கு 3 முதல் 4 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் இரும்பும் பித்தளையும் அதிகம் என்பதால் நான் நாலு போடுவேன். 461 கன அடிக்கு சுமார் 1,850 கிலோ. ஐச்சருக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் குட்டி யானையை விளிம்பு வரை நிரப்பினால் 180 கன அடியிலேயே 720 கிலோ வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு ஆட்டுக்கல்லும் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஏறினால் அனுமதி தாண்டிவிடும். பேட்டரி ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். அதை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், சாய்ந்தால் ஆசிட் கசியும்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று அபராதம் இருக்கிறது. சாமான் பக்கத்திலோ பின்னாலோ வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. பின்கதவைத் திறந்து போட்டு அதன் மேல் கட்டிலை நீட்டிக் கட்டுவதைச் சகஜமாகச் செய்கிறார்கள். வேண்டாம். சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருக்கும் சாமான் எல்லாம் முன்னால் தள்ளும். கனமானது கேபினை ஒட்டி, தரையோடு, இடம் வலம் சமமாக இருக்க வேண்டும்.

தெருவுக்குள் வண்டி வருமா

கணக்கெல்லாம் சரியாக வந்து, 14 அடி வண்டி தெருமுனையிலேயே நின்றுவிடுவதும் நடக்கும். பழையபேட்டை மாதிரி பழைய தெருக்களில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும், திண்ணை நீட்டியிருக்கும். ஐச்சர் சுமார் ஏழு அடி அகலம். கண்ணாடிக்கும் கதவு திறப்பதற்கும் சேர்த்துப் பத்து அடியாவது வேண்டும். மூடிய கன்டெய்னர் என்றால் தரையிலிருந்து பத்து அடி உயரம் வரும், கேபிள் டிவி ஒயரில் மாட்டும். இரண்டு வீட்டுத் தெருவையும் சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள், காலையில் காலியாகத் தெரியும் தெரு ராத்திரி அப்படி இருக்காது.

பெரிய வண்டி நுழையாது என்றால் இரண்டு வழி. தெருமுனையில் நிறுத்தி ஆள் வைத்துச் சுமப்பது ஒன்று, கூலி ஏறும். ஊருக்குள்ளேயே மாற்றுவதாக இருந்தால் தோஸ்த்தில் இரண்டு மூன்று நடையே நல்லது. இலக்கியம்பட்டியிலிருந்து குமாரசாமிப்பேட்டைக்கு ஐச்சர் பிடிப்பது வீண் செலவு. ஊர் விட்டு ஊர் என்றால் மட்டும் ஒரே நடையில் போகும் வண்டியைப் பாருங்கள். 50 கிலோமீட்டரை இரண்டு தடவை போய் வருவதில் டீசலும் டோலும் மட்டுமல்ல, ஆட்களின் ஒரு நாளும் போய்விடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போனால் வழியில் டோல் உண்டு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகாவுக்குள் போவதாக இருந்தால் வண்டிக்கு அந்த மாநிலப் பர்மிட் இருக்கிறதா என்று முன்னாடியே கேளுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சிறு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, பெரியதற்கு வேண்டும்.

மாடி வீடாக இருந்தால் படிக்கட்டு திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். 6½ அடி பீரோ அங்கே திரும்பாவிட்டால் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். அதற்கு நாலு ஆள், கூலியும் தனி.

வண்டி பேசும்போது

"ரெண்டு பெட்ரூம்" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, 14 அடி வண்டி வேணும், கிராதி ஆறடியாவது இருக்கணும். பீரோ ரெண்டு நிக்க வெச்சுத்தான் போகணும். பெட்டி 26, சோபா செட், டிரம் ரெண்டு, பரண் சாமான் தனி. இங்க கீழ் வீடு, அங்க முதல் மாடி." இதோடு நாலு போட்டோவும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பேச்சு தெளிவாகிவிடும். வாடகைக்குள் என்னென்ன அடக்கம் என்று அங்கேயே கேட்டு மெசேஜாக வாங்கிக்கொள்ளுங்கள்: டோல், டிரைவர் பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்குத் தனிக் காசா, தார்ப்பாயும் கயிறும் யாருடையது, எத்தனை மணிக்கு மேல் வெயிட்டிங்.

நாள் பார்ப்பதும் வண்டி வாடகையும் ஒன்றோடொன்று பின்னியது. ஆவணி, தை முகூர்த்த நாட்களில் எல்லோரும் பால் காய்ச்சுவதால் வண்டிக்கு அலைய வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். பள்ளி விடுமுறையில் மாற்றலாம் என்று மே, ஜூனுக்குத் தள்ளினால் கிருஷ்ணகிரிப் பக்கம் அது மாங்காய் சீசன். பிக்கப்பும் 407-உம் தோட்டத்துக்கும் கூழ் ஆலைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் பத்து நாள் முன்னாடியே சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடுவது உத்தமம்.

பால் காய்ச்சும் நாள் வேறு, சாமான் போகும் நாள் வேறு என்றால் சாமி படம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், ஒரு பால் பாத்திரம் எல்லாம் காரிலோ பைக்கிலோ முன்னாடியே போய்விடும். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நகை, பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரைப் பை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஏற்றும் நாள்

வரிசை இதுதான்: பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் கேபின் பக்கம். பக்கச் சுவரை ஒட்டிக் கட்டிலும் மெத்தையும், பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவிலும் ஒரு மெத்தை. நடுவில் நெட்டுக்குத்தாகச் சோபா, டிரம். பின்னால் பெட்டி, கிரேட். மேலே இரும்புக் கட்டில், நாற்காலி, பரண் சாமான். பிரிட்ஜைப் படுக்க வைக்காதீர்கள். வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், இறக்கி நிமிர்த்தி வைத்து நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது கொடுத்த நீளப் போல்ட்டைப் பின்னால் முடுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரம் ஆடிக் கெட்டுப்போகும். சிலிண்டருக்கு ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, நிமிர்த்திக் கடைசியில் கதவுப் பக்கம் வையுங்கள். பின்னால் சாமானோடு ஆட்களை ஏற்றாதீர்கள். சட்டப்படியும் தப்பு, பீரோ சாய்ந்தால் ஒதுங்க இடமும் இல்லை.

கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். அதனால் துடைப்பம், வாளி, குவளை, பாய், ஒரு டியூப்லைட், ஸ்க்ரூடிரைவர், காபிப் பொடி, சின்ன ஸ்டவ் இதெல்லாம் ஒரு வாளியில் போட்டுக் கதவுப் பக்கம் தொங்கட்டும். வண்டி கிளம்பும் முன் ஏணியை ஏற்றிவிடாமல் பரணை இன்னொரு தடவை ஏறிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. கொலுப் பலகையில் ஒன்று இன்னும் குமாரசாமிப்பேட்டை வீட்டிலேயே இருக்கிறது, அங்கே குடிவந்தவர்கள் அதை அலமாரித் தட்டாக மாட்டியிருக்கிறார்கள்.